கொத்தனார் போன பிறகு கோப்பி வரட்டும்

கேள்வி: நாங்கள் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர்கள். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். பிள்ளைகள் இருவரும் தனித்தனியே குடும்பமாகிவிட்டார்கள். கானாடுகாத்தான் பக்கம் இவருடைய ஐயா கட்டிய வீட்டில் எங்கள் பங்குக்கு வந்த பகுதியைப் பழுது பார்த்துக்கொண்டு, இனி அங்கேயே இருந்துவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். விசேஷங்களுக்கு ஐந்தாறு தடவை வந்து போனதுதான். மற்றபடி எங்களுக்கு அது வெளிநாடு, புது ஊர். எங்களோடு ஒன்பது வயது நாய் ஒன்றும் வருகிறது. பெயர் கோப்பி. கொத்தனார் மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்கிறார். ஒரு பக்கம் வேலை நடக்கட்டும், இன்னொரு பக்கம் நாங்கள் மூன்று பேரும் இருந்துகொள்ளலாம் என்பது எங்கள் யோசனை. சொந்தக்காரர்களோ, "வயசான நாய், ஊர் மாறினால் தாங்காது, அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள்" என்கிறார்கள். என்னால் அது முடியாது. நீங்கள் சொல்லுங்கள், என்ன செய்வது?

பதில் (காரைக்குடி வட்டாரக் கால்நடை மருத்துவர்):

அன்புள்ள ஆச்சி,

கோப்பியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். ஒன்பது வயது நாய் ஊர் மாறினால் தாங்கும். உங்கள் குரல் கேட்கும் தூரத்தில், தினமும் ஒரே மூலையில் படுத்து, ஒரே நேரத்தில் சாப்பிட்டால் அது எந்த ஊரையும் பத்துப் பதினைந்து நாளில் தன் ஊராக்கிக்கொள்ளும். அந்த மூலை தினமும் இடம் மாறுவதைத்தான் அதனால் தாங்க முடியாது. வேலை நடக்கும் வீட்டில் நடப்பது அதுதான். இன்றைக்குப் படுத்த இடத்தில் நாளைக்குச் சாரம் நிற்கும். நாளைக்குப் படுத்த இடத்தில் அடுத்த நாள் ஆசாரி உளி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அதனால் மூன்று பேரும் சேர்ந்து வர வேண்டாம் என்பது என் முடிவான கருத்து. உங்கள் வீட்டுக்காரர் முன்னால் வந்து வேலையைப் பார்க்கட்டும். நீங்கள் கோப்பியோடு ஈப்போவிலேயே இருங்கள். கொத்தனாரும் ஆசாரியும் கருவியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய பிறகு நீங்கள் இருவரும் வாருங்கள். சில மாதம் பிரிந்திருப்பது உங்களுக்கு வருத்தமாக இருக்கும். எதற்காக இப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கிவிடுகிறேன்.

எங்கள் செட்டிநாட்டு வீடு ஒன்றின் முன்வாசலில் நின்று பாருங்கள். முகப்பு, வளவு என்கிற முற்றத்தைச் சுற்றிய கூடம், இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்கட்டு என்று எல்லா வாசல் நிலைகளும் ஒரே நேர்க்கோட்டில் நிற்கும். முன்வாசலில் நிற்பவருக்குப் பின்வாசல் வெளிச்சம் தெரியும். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். காற்று ஓட அதைவிட நல்ல அமைப்பு கிடையாது. வேலை நாளில் அதே அமைப்பு நாய்க்கு ஓடுபாதையாகிவிடுகிறது. சித்தாள் மணல் சட்டியோடு முன்னால் வருவார், ஆசாரி பலகையோடு பின்னால் போவார், இரண்டு கதவும் திறந்தே கிடக்கும். நாய்க்குப் பழக்கமில்லாத ஒரு சத்தம் போதும்.

சில வருடங்களுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து இப்படித்தான் ஒரு குடும்பம், வேலை பாதியில் இருக்கும்போதே நாயோடு வந்து இறங்கியது. நான்காம் நாள் தரைக்கல் அறுக்கும் மெஷினைப் போட்டிருக்கிறார்கள். நாய் வளவைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, பின்தெருவில் போய் விழுந்தது. அதற்கு அந்தத் தெருவும் தெரியாது, அந்த வீட்டின் வாசனையும் இன்னும் பழகவில்லை. திரும்பி வர அதற்கு வழியே இல்லை. இரண்டு ராத்திரி கழித்து ஊருணிக் கரையில் ஆடு மேய்த்தவர் பார்த்துச் சொன்னார். என்னிடம் கொண்டுவந்தபோது நான்கு பாதமும் கிழிந்து, காதில் தெருநாய் கடித்த காயம் இருந்தது. பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த வீட்டம்மா அந்த இரண்டு ராத்திரியைப் பற்றி இன்றைக்கும் பேச மாட்டார். எனக்கு அந்த முகம்தான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது ஞாபகம் வந்தது.

அடுத்தது சுண்ணாம்பு. உங்கள் வீட்டுச் சுவர் பழைய பூச்சாக இருந்தால் அதைச் சிமெண்டால் ஒட்டுப் போட நல்ல கொத்தனார் ஒப்பமாட்டார், சுண்ணாம்பில்தான் செய்வார். கற்சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டால் அது கொதித்துப் பொங்கும். நீற்றி முடித்து ஆறிய பிறகும் அதன் காரம் போகாது. அதில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேரும், கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேரும். கண்ணாடி மாதிரி மின்னும் அந்தச் சுவருக்கு ஆசைப்பட்டுத்தானே நீங்களும் வருகிறீர்கள். ஆனால் நாயின் மூக்கால் யோசித்துப் பாருங்கள்: வெல்லமும் முட்டையும் கலந்த ஒரு சட்டி, அதன் உயரத்திலேயே, தரையில் இருக்கிறது. ஒரு நாக்கு வைத்தாலே போதும். நான் பார்த்த ஒரு குட்டிக்கு நாக்கின் நுனி வெள்ளையாக வெந்து, இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் போனது. பாதத்தில் ஒட்டினாலும் ஆபத்துதான். விரல் இடுக்கில் எரிய எரிய அது நக்கும், நக்க நக்க வாயும் வேகும்.

ஒருவேளை அப்படி ஆகிவிட்டால்: காய்ந்த தூளாக இருந்தால் முதலில் துணியால் தட்டி எடுத்துவிடுங்கள். பிறகு ஓடும் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தாலும் அப்படியே. எலுமிச்சம்பழம், வினிகர் என்று எதையும் தடவ வேண்டாம், வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். கழுவிக் கொண்டே ஒருவர் மருத்துவருக்கு போன் செய்யட்டும்.

கறையான் மருந்து இன்னொன்று. பர்மா தேக்கைக் கறையான் லேசில் தொடாது. ஆனால் பிற்காலத்தில் மாற்றிய சட்டங்களும், அலமாரிகளும், தரைக்கு அடியிலுள்ள மண்ணும் அப்படியல்ல. தரையில் துளை போட்டு மருந்து இறக்குவார்கள். எந்த மருந்து என்று பெயரை எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள், டப்பாவின் சீட்டைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். குளோர்பைரிபாஸ் வகை மருந்து உள்ளே போனால் நாய்க்கு எச்சில் ஒழுகும், கண்மணி சுருங்கும், உடம்பு நடுங்கும். அதற்கு ஊசி இருக்கிறது. ஆனால் என்ன மருந்து என்று தெரிந்தால்தான் எங்களால் நேரத்தை வீணாக்காமல் போட முடியும். பழைய நிலை, ஜன்னல்களின் பெயிண்டைச் சுரண்டும்போதும் எச்சரிக்கை தேவை. அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருந்தது. காய்ந்த மரத்தைத் தேய்த்துப் புழுதி கிளப்பாமல், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். புழுதி தரையில் படியும், தரையில் படிந்தது நாயின் காலுக்கும் வாய்க்கும் வரும். உங்கள் வீட்டுக்காரரும் மூக்கை மூடிக்கொள்ளட்டும்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது எலி மருந்துதான். பூட்டிக் கிடந்த வீட்டில் பெருச்சாளி இருக்கும். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் வருடக்கணக்காக மூலைக்கு மூலை மருந்து வைத்திருப்பார், எங்கே வைத்தோம் என்று அவருக்கே நினைவிருக்காது. அவரைக் கூப்பிட்டுக் கோபப்படாமல் கேளுங்கள். அலமாரிக்கு அடியில், நெல் வைத்த அறையில், மாடிப்படிக்குக் கீழே, ஓட்டு இடுக்கில் என்று ஒவ்வொரு இடமாக அவரையே எடுக்கச் சொல்லி, எண்ணிக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லுங்கள். கட்டி கட்டியாக இருக்கும் மருந்தைத் தின்ற நாய்க்கு மூன்று நான்கு நாள் ஒன்றுமே தெரியாது, பிறகு ஈறிலும் மூக்கிலும் ரத்தம் வரும். வைட்டமின் கே ஊசியால் காப்பாற்றலாம், சீக்கிரம் தெரிந்தால். பேஸ்ட் மாதிரி வரும் எலி மருந்துக்கு முறிவு மருந்தே கிடையாது. கோப்பி வந்த பிறகு எலிப்பொறி மட்டும்.

கொத்தனார் மூன்று மாதம் என்றால் நீங்கள் ஆறு என்று எழுதிக்கொள்ளுங்கள். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. சுண்ணாம்பு தன் நேரத்தில்தான் இறுகும், ஆத்தங்குடியில் செய்யும் பூப்போட்ட தரைக்கல் தண்ணீரில் ஊறித்தான் வரும், வீட்டுப் பங்காளிகளில் ஒருவர் ஏதாவது ஒரு சுவரைப் பற்றி யோசித்துச் சொல்கிறேன் என்பார். இப்போது வைகாசி. ஓடு மாற்றுவதை ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துக்கொண்டு, உள்வேலையை மார்கழிக்குள் முடித்தால், எப்படியும் பால் காய்ச்சுவது தையில்தானே. பொங்கல் கழித்துக் கோப்பி வரட்டும். தீபாவளி வெடி முடிந்திருக்கும், மழை நின்றிருக்கும், வெயில் ஏறியிருக்காது. சித்திரை வைகாசி வெயிலில் வயதான நாயை விமானத்தில் ஏற்றி இறக்குவதற்கு நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

ஈப்போ வீட்டை விற்றுவிட்டோம், தங்க முடியாது என்ற நிலை வந்தால், வேலை முடியும்வரை காரைக்குடியில் ஒரு சிறிய வாடகை வீடு எடுங்கள். அந்தச் செலவுக்கும் வழியில்லை என்றால் மட்டும் உங்கள் பழைய யோசனைக்கு வாருங்கள். அப்போதும் ஒரு நிபந்தனை: முதலில் வீட்டின் ஒரு கட்டு முழுவதையும் கடைசி ஆணி வரை முடித்துப் பெருக்கிக் கழுவி, நடுக்கதவைப் பூட்டிச் சாவியை உங்கள் இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். வேலைக்காரர்கள் ஒரு தெரு வழியாக, நீங்கள் இன்னொரு தெரு வழியாக. நம் வீடுகள் கட்டு கட்டாக இருப்பதில் உள்ள வசதி இது.

இனி பயணம். உங்களுக்குக் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வந்து பழக்கமாகியிருக்கும். இறங்கினால் இரண்டு மணி நேரத்தில் வீடு. கோப்பியோடு அந்த வழி கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் நாய், விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் இருக்கும் விமான நிலையம் வழியாகத்தான் நாட்டுக்குள் வர முடியும். உங்களுக்கு அது சென்னை. அந்த நிலையத்திடம் முன்கூட்டியே விண்ணப்பித்துத் தடையின்மைச் சான்று வாங்கியிருக்க வேண்டும். குடிபெயர்ந்து வருகிறீர்கள் என்பதற்கான ஆதாரத்தையும் கேட்பார்கள். மலேசிய அரசின் கால்நடைச் சேவைத் துறை மருத்துவர் கொடுக்கும் நலச் சான்றிதழ் புறப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு வாங்கியதாக இருக்க வேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு ஒரு மாதம் கடந்திருக்க வேண்டும், ஒரு வருடம் தாண்டியிருக்கக் கூடாது. கோப்பிக்கு இதுவரை அந்த ஊசி போடவில்லையென்றால் தேதியைக் கணக்குப் பண்ணிப் போட்டுவிடுங்கள். காகிதம் எல்லாம் சரியாக இருந்து, நாயும் நலமாக இருந்தால் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். குறை இருந்தால் பிடித்து வைப்பார்கள். வயதான நாய்க்கு அந்தத் தனிமை வேண்டாம். விதிகள் அவ்வப்போது மாறும்; டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அந்த நிலையத்துக்கு ஒருமுறை எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பயணக் கூண்டை இன்றைக்கே வாங்குங்கள். கோப்பி அதனுள் எழுந்து நிற்கவும், திரும்பவும், காலை நீட்டிப் படுக்கவும் இடம் வேண்டும். வாங்கியதும் கதவைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் வையுங்கள். சாப்பாட்டை அதற்குள் வையுங்கள். ஆறு மாதத்தில் அது தன் அறை என்று எண்ணிக்கொள்ளும். நான் மேலே சொன்ன அந்த மூலை, அதோடு சேர்ந்து கடல் தாண்டி வந்துவிடும். விமானத்தில் தூங்குவதற்கு மாத்திரை கொடுக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். மயக்கத்தில் மூச்சும் ரத்த ஓட்டமும் தடுமாறினால் மேலே அதைப் பார்க்க ஆள் இருக்காது. புறப்படுவதற்கு முன் அங்கேயே சிறுநீரகம், கல்லீரல், இதயப்புழு, உண்ணிக் காய்ச்சல் ஆகியவற்றுக்கு ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

சென்னையிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர். கார் பிடித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இறக்குங்கள். முடிந்தால் அதிகாலையில் கிளம்புங்கள். வெளிச்சம் இருக்கும்போது வீடு வந்து சேர்ந்தால் கோப்பிக்கு இடம் பார்க்க நேரம் கிடைக்கும்.

முதல் வாரம் வளவைத் தாண்டவிடாதீர்கள். ஆத்தங்குடித் தரை புதிதாக எண்ணெய் போட்டுத் தேய்த்திருந்தால் வழுக்கும். ஒன்பது வயது இடுப்புக்கு ஒரு வழுக்கல் போதும், பிறகு எழுந்திருக்கவே யோசிக்கும். படுக்குமிடத்திலிருந்து தண்ணீர்ப் பாத்திரம் வரைக்கும், அங்கிருந்து தோட்டத்துக் கதவு வரைக்கும் அடியில் ரப்பர் வைத்த தேங்காய் நார் மிதியடியை வரிசையாகப் போடுங்கள். கோரைப்பாய் வேண்டாம், அது தரையோடு சேர்ந்து நழுவும். பாதத்தின் விரல் இடுக்கு முடியை வெட்டிவிடுங்கள். கறை போக வேண்டும் என்று யாராவது தரையில் ஆசிட் ஊற்ற வந்தால் தடுத்துவிடுங்கள்; கல்லின் பூவும் போகும், நாயின் பாதமும் போகும்.

பின்கட்டில் கிணறு இருந்தால் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் என்று பார்க்கச் சொல்லுங்கள், மேலே கம்பி வலை போட்டுவிடுங்கள். வேலையில் மிஞ்சிய நாட்டு ஓடு, செங்கல், பழைய மரம் எல்லாம் தோட்டத்தில் குவிந்து கிடக்கும். "பிறகு எடுத்துக்கலாம்" என்பார்கள். கொத்தனாருக்குக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் அந்தக் குவியல் போயிருக்க வேண்டும். அதற்குள் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். நல்ல பாம்பு இனம் உங்கள் ஈப்போ பக்கமும் உண்டு. கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கோப்பி முகர்ந்தே பார்க்காதவை. கடித்துவிட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். மனிதருக்குப் போடும் அதே விஷமுறிவு ஊசிதான் நாய்க்கும். எங்கே இருப்பு இருக்கிறது என்பதை வந்த முதல் வாரமே விசாரித்து, போன் நம்பரை அடுப்படிக் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள். பெரிய அறுவைச் சிகிச்சை, தீவிரச் சிகிச்சை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

உண்ணி, சுவர் வெடிப்பிலும் தூண் அடியிலும் முட்டையிடும். நாயின் மேல் இருப்பதைவிட வீட்டில் இருப்பது அதிகம். பூச்சு வேலையின்போதே வெடிப்புகளை அடைத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். மாதாமாதம் கொடுக்கும் மருந்தை நிறுத்தாதீர்கள்.

சொந்தக்காரர்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அது மருந்தில் தீராதது. வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. வளவில் கல்யாணம் நடக்கும், முன்னோருக்குப் படைப்பு நடக்கும், சாமி அறை அங்கேதான் இருக்கும். நாய் வந்து இறங்கிய பிறகு தெரியப்படுத்தினால் அது அவர்களுக்கு அவமரியாதையாகப் படும். உங்கள் வீட்டுக்காரர் முன்னால் வரும்போதே, அந்த வளவில் மூத்த ஆச்சி யாரோ அவரிடம் போய் உட்கார்ந்து சொல்லட்டும்: இப்படி ஒரு நாய் ஒன்பது வருடமாக எங்களோடு இருக்கிறது, இந்தப் பக்கம்தான் இருக்கும், சாமி அறைப் பக்கம் வராது, படைப்பு அன்றைக்கு வேறு இடத்தில் வைத்துக்கொள்கிறோம் என்று. கேட்டுவிட்டுச் செய்தால் இங்கே யாரும் மறுக்க மாட்டார்கள். பெரும்பாலும் அந்த ஆச்சிதான் பிறகு சோறு பிசைந்து வைப்பார். எலும்பும் வெங்காயம் போட்ட குழம்பும் மட்டும் வேண்டாம் என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.

கோப்பி படுக்கும் பழைய போர்வையைப் புறப்படுவதற்கு முன் துவைக்காதீர்கள். அதை அப்படியே கூண்டில் விரித்து ஏற்றுங்கள். சென்னையில் இறங்கும் தேதி முடிவானதும் ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு எழுதுங்கள். வந்த மூன்றாம் நாள் நீங்கள் அழைத்து வர வேண்டாம், நானே வீட்டுக்கு வந்து பார்க்கிறேன். முதல் தடவை ஊசி மேசையில் சந்திப்பதைவிட அது அதற்கு நல்லது.